முள்ளின்மேல் நின்ற ரோவன்

பதினான்கு வயதாகியும் ஆளின் மார்புக்கு மேலே வளராத ஒரு ரோவன் மரம் வ்ரோனா நாற்றுப்பண்ணையின் அலுவலக வாசலில் நின்றது. அதோடு ஒரே பாத்தியில் பிறந்தவையெல்லாம் லாரி ஏறிப் போய், லூப்ளின் போகிற சாலையோரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்று காய்க்கின்றன. இது மட்டும் தாய்ப்பால் கிடைக்காத பிள்ளை மாதிரி சவங்கிப்போய் நின்றது. ஆனால் காய்ப்புக்குக் குறைவில்லை. சுண்டுவிரல் பருமனுள்ள கிளைகூட ஒரு கொத்து சிவப்புப் பழத்தைத் தூக்க முடியாமல் தொங்கவிட்டிருக்கும். ஆகஸ்ட் பாதியிலேயே இலையும் சிவந்துவிடும். ஒழுங்கான ரோவன் சிவக்க அக்டோபர் ஆகும்.

குட்டை, அள்ளிக் கொட்டும் காய்ப்பு, சீக்கிரச் சிவப்பு. இந்த மூன்றையும் மரத்தின் அபூர்வ குணங்கள் என்று முதலாளி ஹூபர்ட் வ்ரோனா வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். சாகப்போகிற மரம் அப்படித்தான் செய்யும் என்பது ஜென்காவுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்கான காரணம் மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் ஆழத்தில் இருந்தது.

ஜென்கா கைடா அந்தப் பண்ணையின் முதல் கத்தி. ஜூலை கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை, சாக்குத்துணியை முழங்காலில் கட்டிக்கொண்டு வரிசையோடு தவழ்ந்து போவாள். காட்டு வேர்ச்செடியின் அடித்தண்டில், மண்ணை ஒட்டி, பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல், நல்ல ஜாதி மரத்திலிருந்து சீவிய ஒற்றை மொட்டை உள்ளே ஒரு செருகு, அடுத்த செடி. பின்னாலேயே லுட்சினா ரப்பர் பட்டையால் சுற்றிக் கட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் செடி. இப்படி முப்பத்தொரு வருஷம். ஜென்கா கட்டிய வரிசையில் ஜாதி மாறியதாகச் சரித்திரமே இல்லை என்று பக்கத்துப் பண்ணைகளிலும் பேச்சு. ஜென்கா வரிசை என்றால் சரிபார்க்காமலே லாரியில் ஏற்றுவார்கள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. புருஷன் அதற்கு முன்பே போய்விட்டான். அந்தப் பேச்சு மட்டும்தான் அவளிடம் மிச்சம் இருந்தது.

அந்தப் பேச்சில் ஒரு பொய் இருந்தது. ஒரே ஒரு செடியளவு பொய்.

பதினான்கு வருஷத்துக்கு முந்திய ஆகஸ்டில், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு நாள், அவளுக்கும் ஃபெலிக்ஸுக்கும் போட்டி. ஃபெலிக்ஸ் இரண்டாவது கத்தி. கையைவிட வாய் வேகம். யார் வரிசை முதலில் முடிகிறது என்று இரண்டு பேரும் தலை தூக்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். அடியிலைகளை முன்னால் போகிறவர்கள் உருவிவிடுவார்கள் என்பதால் மொட்டுக் கட்டுகிறவள் கண்ணுக்கு ஒரு சாண் தண்டு மட்டும்தான் தெரியும். ரோவன் பட்டை ஆகஸ்டில் அவித்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி கழன்றுவரும். ஒரு செடியில் மட்டும் கத்தி சிக்கியது. பட்டை எலும்போடு ஒட்டின மாதிரி இருந்தது. தலையை ஒரு முறை தூக்கி இலையைப் பார்த்திருந்தால் போதும். ரோவன் இலை இறகு மாதிரி இருக்கும். அது வாத்துக்கால் மாதிரி இருந்திருக்கும். வேலிமுள். வயல் ஓரத்தில் ஆடு மாடு நுழையாமல் இருக்க வளர்க்கிற முட்செடி. நாற்றுக்கட்டில் எப்படியோ கலந்து வந்திருக்கிறது. கைக்கு அது தெரிந்தது. கை நிற்கவில்லை. எப்படியும் ஒட்டாது, காய்ந்து உதிரப்போகிற மொட்டு என்று செருகிவிட்டு நகர்ந்தாள். ஃபெலிக்ஸை நாற்பது செடி வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

மொட்டு ஒட்டிக்கொண்டது.

மார்ச்சில், ஒட்டின மொட்டு மட்டும் வளரட்டும் என்று, வேர்ச்செடிகளின் தலையை யாரோ கும்பலாக வெட்டித் தள்ளினார்கள். முள்ளின் தலையும் அதோடு போயிற்று. ஜூனில்தான் ஜென்கா பார்த்தாள். மேலே ரோவன் துளிர். கீழே வேரிலிருந்து முள்ளோடு ஒரு கொழுந்து. சுற்றிப் பார்த்துவிட்டு அந்தக் கொழுந்தைக் கிள்ளி எறிந்தாள். மூன்று வருஷம் கழித்தும் அந்த மரம் முழங்கால் உயரத்திலேயே நின்றதால் யாரும் வாங்கவில்லை. அப்போது இருந்த பெரிய வ்ரோனா, ஹூபர்ட்டின் அப்பா, தூக்கியெறிய மனமில்லாமல் அதை வாசலில் நடச் சொன்னார். நட்டதும் ஜென்காதான். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும், வேலைக்கு வரும்போது, பூட்ஸ் கயிறு கட்டுகிற சாக்கில் அதன் பக்கத்தில் குனிவாள். குனிந்து முள்ளைக் கிள்ளுவாள்.

பெரியவர் செத்தார். ஹூபர்ட் வார்சாவிலிருந்து பட்டத்தோடு வந்து இறங்கினான். வ்ரோனா என்றால் அவர்கள் மொழியில் காக்கை. அதனால் வேலைக்காரர்களுக்கு அவன் என்றும் காக்காதான். ஆறு வயதில் பச்சை ரோவன் பழத்தைத் தின்றுவிட்டு ஜென்காவின் மடியிலேயே வாந்தியெடுத்தவன். முப்பத்தாறு வயதிலும் பச்சையையும் பழுத்ததையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்பது அவள் எண்ணம். பளபளக்கிற ரப்பர் பூட்ஸில் வரிசைக்கு நடுவே போனில் பேசிக்கொண்டே நடப்பான். மண்வெட்டியை அவன் பிடித்து யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை பிடித்தான், யாரோ படம் எடுத்து முடித்ததும் கீழே வைத்துவிட்டான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவன் வாசலில் காபியோடு நின்று அந்தக் குட்டை மரத்தை முதல் தடவையாகப் பார்த்தான். அதுவரை அதன்மேல் சைக்கிளைச் சாய்த்து வைத்தவன்தான். பார்த்ததும் அவனுக்கு ஞானம் பிறந்தது. இது புது ஜாதி. சின்னத் தோட்டத்துக்கென்றே இயற்கை கொடுத்த ரோவன். பதிவு செய்யப் பெயர் வேண்டுமே; வைத்தான். ஹூபர்டெக். அதாவது குட்டி ஹூபர்ட். அன்று மதியம் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்த பெண்கள் ரொட்டி தொண்டையில் அடைக்கச் சிரித்தார்கள். வளராது, வெறுமனே சிவக்கும், அப்பா வச்சுட்டுப்போன இடத்துல நிக்கும், பேரு சரியாத்தான் பொருந்துது என்றாள் லுட்சினா.

அடுத்த ஆகஸ்டில் அந்த மரத்திலிருந்து குச்சி வெட்டி முந்நூறு மொட்டு கட்டும்படி ஜென்காவுக்கு உத்தரவு வந்தது. நல்ல ரோவன் வேரில் கட்டினாள். என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மொட்டில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் அதைத் தாங்கிய காலில், அந்த முள்வேரில். ஒழுங்கான கால் கிடைத்தால் மொட்டு ஒழுங்காக வளரும். சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் உடைவது அவனுடைய மானம் அல்ல, அவளுடையது. முட்டாள் தானாகவே சுவரில் முட்டிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள். அந்த நினைப்பு அவளுக்கு இனிக்கவும் செய்தது.

முந்நூறும் முதல் வருஷமே தோள் உயரம் வந்தன. இரண்டாவது கோடையில் அவள் தலையைத் தாண்டின. துடைப்பக்கட்டை மாதிரி நேராக, கரும்பச்சையாக, தாய்மரத்தைக் குனிந்து பார்க்கிற உயரத்தில் நின்றன. இளம் ரத்தம், போகப்போக அடங்கும் என்றான் ஹூபர்ட். ஜூனில் தாய்மரத்தைச் சுற்றி வெள்ளையடித்த மரவேலி போட்டு, உள்ளே லாவண்டர் நட்டு, பெயர்ப்பலகையும் வைத்தான். யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று கட்டளை.

அந்தக் கோடையில் ஜென்காவால் முள்ளைக் கிள்ள முடியவில்லை. வேலிக்கு வெளியே பூட்ஸ் கயிறைக் கட்டிக்கொண்டே பார்ப்பாள். லாவண்டருக்கு நடுவே அது ஒரு விரல் வந்தது, ஒரு சாண் வந்தது.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. மாதாவின் மூலிகைத் திருநாளுக்கு அடுத்த வியாழக்கிழமை, புது ஜாதிகளைச் சோதிக்கிற நிலையத்திலிருந்து ஒரு தாவரவியல் டாக்டர் வருகிறார். தாயையும் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து அளப்பார். ஹூபர்ட் முந்நூறையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாள் மதியம் கொட்டகைக்குள் வந்தான். பதினோரு பெண்களும் ஃபெலிக்ஸும் கறுப்பு ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவி ஊறின வெள்ளரியோடு தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஜென்காம்மா, அன்னிக்குக் குச்சி எந்த மரத்துல வெட்டினீங்க?"

"வாசல் மரத்துல. நீங்கதான் பக்கத்துல நின்னீங்களே."

"நான் நடுவுல போன் பேசப் போயிட்டேன். அப்பதான் மாறியிருக்கு. தப்புன்னு சொல்லல. வயசாகுது, கண்ணு முன்ன மாதிரி இருக்காது. யாருக்கும் வர்றதுதான்."

ஜென்கா ரொட்டியைக் கீழே வைத்தாள். "நான் மாத்தல."

"அப்ப மரம் மாத்திக்கிச்சா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். டாக்டரிடம் விஷயத்தை அப்படியே சொல்லப்போவதாகச் சொன்னான்: தாய்மரம் சுத்தம், பிள்ளைகள் ஒரு வயதான வேலைக்காரியின் கைத்தவறு. முந்நூறையும் வெட்டி எரித்துவிட்டு, ஃபெலிக்ஸ் இந்த வாரமே புதிதாகக் கட்டிவிடுவான்.

ஃபெலிக்ஸ் வெள்ளரியைக் கடித்துக்கொண்டே, "கவலப்படாத ஜென்கா, உன் கண்ணாடிய நான் தொடச்சுத் தர்றேன்" என்றான்.

அவள் கண்ணாடி போடுவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முப்பத்தொரு வருஷத்தில் அவளைப் பார்த்துக் கொட்டகை சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை வரிசையில், ரப்பரைச் சுற்றிக்கொண்டே லுட்சினா பின்னாலிருந்து மெல்லக் கேட்டாள். "அக்கா, நெசமாவே மாத்திட்டியா?"

பதினேழு வருஷமாக ஜென்காவின் முதுகுக்குப் பின்னாலேயே தவழ்ந்து வருகிறவள். ஜென்கா திரும்பிப் பார்க்கவில்லை. கத்தி மட்டும் ஒரு மொட்டைப் பாதியாக வெட்டியது. அதையும் வருஷக்கணக்கில் யாரும் பார்த்ததில்லை.

செய்த தப்பைப் பதினான்கு வருஷம் கிள்ளி எறிந்தாகிவிட்டது. செய்யாத தப்பை இப்போது ஒரு காக்கா அவள் தலையில் எச்சமிட்டுவிட்டுப் போகிறது. அதைத் துடைக்க வேண்டுமென்றால் மற்றதை எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டில் எதைச் சுமந்தாலும் ஜென்கா வரிசை என்ற பேச்சு முடிந்தது. இரண்டு நாள் இதையே மென்றாள். திருநாளன்று கோயிலில் பெண்கள் தானியக்கதிரும் பூவும் ரோவன் கொத்துமாகக் கட்டி மந்திரிக்கக் கொண்டுவந்திருந்தார்கள். ஹூபர்ட்டின் கொத்தில் ஹூபர்டெக்கின் சிவந்த கிளை. ஆகஸ்டிலேயே எப்படிச் சிவந்தது என்று பாதிரியார் கேட்டார். அதன் குணமே அதுதான் ஃபாதர் என்றான். சாகிறவன் கன்னம் காய்ச்சலில் சிவந்தால் அதையும் அழகு என்று சொல்வான் போலிருக்கிறது என்று ஜென்கா நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தாள். பெயர் சாப்லா, அதற்கு அர்த்தம் கொக்கு. காக்கா வீட்டுக்குக் கொக்கு வந்திருக்கு என்று வரிசை முழுக்கச் செய்தி ஓடியது. குள்ளமான பொம்பளை, பூட்ஸில் காய்ந்த மண், இடுப்பில் சொந்தக் கத்தி. ஜென்கா தூரத்திலிருந்தே கத்தியைப் பார்த்தாள். தீட்டித் தீட்டித் தேய்ந்த கத்தி. அந்த ஒன்றை மட்டும் அவளால் இகழ முடியவில்லை.

டாக்டர் தாய்மரத்தை அளந்தாள். அடித்தண்டில் ஒட்டின இடம் கழலை மாதிரி புடைத்திருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மரத்துக்கு அதுதான் கம்பீரம் என்றான் ஹூபர்ட். பிறகு முந்நூறையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, யார் கட்டியது என்று கேட்டாள். அவன் தன் கதையைச் சொன்னான். பாவம், பழைய ஆள் என்றுகூடச் சேர்த்துக்கொண்டான். டாக்டர் அந்தப் பழைய ஆளைக் கூப்பிடச் சொன்னாள்.

ஜென்கா முழங்கால் சாக்கோடு வந்தாள். பின்னாலேயே லுட்சினாவும், வேலையை விட்டுவிட்டு ஃபெலிக்ஸும், இன்னும் நாலைந்து பேரும் வந்து நின்றார்கள். ஜென்கா வெள்ளை வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் போட்டாள்.

"வேலியத் தாண்டாதீங்க ஜென்காம்மா, பெயிண்டு" என்றான் ஹூபர்ட்.

மற்றக் காலையும் போட்டாள். மண்டிபோட்டு லாவண்டரை விலக்கினாள். முள்கொழுந்து முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. வாத்துக்கால் இலை, இலைக்கு ஒரு முள். அடியில் வெட்டி டாக்டரிடம் நீட்டினாள்.

"ரோவனுக்கு முள்ளு எப்ப முளைச்சுது முதலாளி?"

ஹூபர்ட் குனிந்து பார்த்தான். பக்கத்தில் தானாக முளைத்த வேலிமுள்ளாக இருக்கும், பறவை எச்சத்தில் விழுந்த விதை என்றான்.

"எந்தப் பறவ? காக்காவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று தெரியவில்லை.

ஜென்கா எழுந்திருக்கவில்லை. மண்டிபோட்டபடியே டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "இது என் கை. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி மழையில வேலிமுள்ளு மேல ரோவனக் கட்டிட்டேன். கத்தி சிக்குச்சு. தெரிஞ்சேதான் விட்டேன். அப்புறம் வருஷா வருஷம் முள்ளக் கிள்ளினதும் நான்தான். அந்த முந்நூறும் இந்த மரத்து மொட்டுதான், சரியான வேரு. அது வெறும் ரோவன். ரோவன் அப்படித்தான் வளரும்."

ஃபெலிக்ஸ் எந்த வருஷம், எந்த மழை, எந்தப் போட்டி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

பொறாமையில் பேசுகிறாள் என்றான் ஹூபர்ட். டாக்டர் தோண்டிப் பார்க்கலாம் என்றாள். அதற்குள் ஜென்கா உள்ளங்கையை மரத்தின் தண்டில், புடைப்புக்கு ஒரு முழம் மேலே வைத்து, கதவைத் தள்ளுகிற மாதிரி தள்ளினாள். பெரிய பலம் ஒன்றும் போடவில்லை. ஹூபர்டெக் டக்கென்று ஒட்டின இடத்தில் கழன்று, பழமும் சிவப்பு இலையுமாகப் பெயர்ப்பலகையின் மேல் சாய்ந்தது. நார் இல்லை, சிலாம்பு இல்லை. ரம்பத்தால் அறுத்த மாதிரி வழவழவென்று இருந்தது. பதினான்கு வருஷம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தனவே தவிர, இரண்டும் சேரவே இல்லை.

டாக்டர் கட்டைவிரலால் அந்த வழவழப்பைத் தடவிப் பார்த்தாள். நோட்டில் எழுதியிருந்த பக்கத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். "பதினாலு வருஷம் நின்னதே அதிகம்" என்று ஜென்காவிடம் சொன்னாள். பாராட்டா திட்டா என்று தெரியாத குரல். காபி குடிக்காமலே வண்டியேறினாள்.

ஹூபர்ட் ஜென்காவை வேலையை விட்டுப் போகச் சொல்லுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நாற்பதாயிரம் வேர்ச்செடி கத்திக்குக் காத்திருந்தது. ஒரு வாரம் தள்ளினால் கடைசி வரிசைகளில் பட்டை இறுகிவிடும். அதனால் அவனுக்குத் தன்மானமும் செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று. சாய்ந்த மரத்திலிருந்து பழங்களை லுட்சினா வாளியில் உருவிக்கொண்டாள். உறைபனி படாத பழம் கசக்கும்தான். வோட்காவில் போட்டால் எல்லாம் ஒன்று.

மாலைக்குள் காக்காவுக்கு அடுத்த ஞானம் பிறந்துவிட்டது. கொட்டகைக்கு வந்தான். முகத்தில் வெட்கத்தின் சுவடே இல்லை. வேலிமுள்ளில் ரோவனைக் கட்டினால் குட்டையாக நிற்கும், சீக்கிரம் காய்க்கும், சீக்கிரம் சிவக்கும். தொட்டியில் வைத்து பால்கனிக்காரர்களுக்கு விற்கலாம். பத்து வருஷத்தில் ஒடிந்தால் என்ன, அதற்குள் அவர்கள் வீடு மாறிவிடுவார்கள். வசந்தத்தில் ஐந்நூறு முள்நாற்று வரவழைக்கிறேன், ஜென்காம்மா கட்டட்டும், அவங்களுக்குத்தான் அனுபவம் இருக்கு என்றான்.

அவன் கேலி செய்கிறானா என்று ஜென்கா அவன் முகத்தைப் பார்த்தாள். இல்லை. முழு மனதோடுதான் சொன்னான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஆறு வயதில் மடியில் வாந்தியெடுத்தபோதும் அந்த முகம் இப்படித்தான் இருந்தது.

"ஒடியறதுக்குன்னு கட்டறவ நான் இல்ல. ஃபெலிக்ஸக் கேளுங்க."

ஃபெலிக்ஸ் உடனே சரி என்றான்.

மறுநாள் காலை பனி விலகுவதற்குள் வரிசையில் இறங்கினார்கள். பக்கத்து வரிசையிலிருந்து ஃபெலிக்ஸ், எல்லோருக்கும் கேட்கும்படி, "முள்ளு ஜென்கா, பாத்து, குத்திடப்போகுது" என்றான். பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பெயர் இனிப் போகாது என்று அவளுக்குத் தெரிந்தது. சனிக்கிழமைக்குள் பக்கத்துப் பண்ணைகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். மண்டிபோட்டாள். முதல் செடியின் தண்டைத் தொடுவதற்கு முன் தலையை நிமிர்த்தி இலையைப் பார்த்தாள். இறகு மாதிரி இருந்தது. கீறினாள், செருகினாள். அடுத்த செடிக்கு நகர்ந்து, மறுபடியும் நிமிர்ந்து இலையைப் பார்த்தாள்.

பின்னால் ரப்பரோடு காத்திருந்த லுட்சினா சொன்னாள். "இப்படிப் பாத்துப் பாத்துப் போனா இன்னிக்கு ஆயிரங்கூடத் தேறாது அக்கா."

"தேற வேண்டாம்" என்றாள் ஜென்கா. "கட்டு."

ஃபெலிக்ஸ் வாய் ஓயாமல் நூறு செடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஒரு தடவைகூடத் தலை தூக்கவில்லை.